பின் சில்லு முதலில் லொக் ஆகினால்: மாற்றிய காரின் பிரேக்கைச் சமன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மாங்குளம் தாண்டி முறிகண்டிக்கு வரும் ஏ9 வீதியில், பின்னேரம் ஐந்து மணியிருக்கும். பற்றைக்குள்ளிருந்து ஒரு நாம்பன் மாடு வெளிக்கிட்டு நடு வீதியில் நின்றது. பிரேக்கை அமத்தினேன். கார் நிற்கவில்லை, அதன் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு வலப்பக்கமாகச் சுற்றி வந்தது. பயத்தில் காலை எடுத்ததும் நிமிர்ந்தது. மாட்டின் வாலை உரசாத குறையாகக் கடந்து, தூரப் போய்த்தான் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் வீதியில் வளைந்த இரண்டு கறுப்புக் கோடுகள். மாடு நின்ற இடத்திலேயே அசைபோட்டுக்கொண்டு நின்றது.

கார் ஒரு பழைய ரொயோட்டா டீஎக்ஸ் வாகன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறக்கும்வரை, இருக்கிற பழைய காரிலேயே ஆசையைத் தீர்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். காரைத் தாழ்த்துகிற பதிந்த ஸ்பிரிங், அகல ரயர், பின் சீற்றைக் கழற்றி வெறும் பலகை. கடைசியாகப் பின் ட்ரம் பிரேக்கையும் கழற்றி டிஸ்க் பிரேக் போட்டேன். டிஸ்க் போட்டால் பிரேக் கூடும் என்றார்கள். கூடியது. கூடாத இடத்தில் கூடியது.

இந்தப் பிரச்சினை வருகிற எல்லாரும் முதலில் கேட்பது, பின் பிரேக்குக்குப் போகும் ஒயில் அமுக்கத்தைக் குறைக்கிற வால்வு எங்கே வாங்கலாம் என்பதைத்தான். அது கடைசி வேலை. அதற்கு முதல் செய்ய வேண்டியவற்றைச் செய்தால் பாதிப் பேருக்கு வால்வே தேவைப்படாது.

ஏன் பின் சில்லு?

பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னுக்குப் போகிறது. எவ்வளவு போகும் என்பது மூன்று விடயங்களில் தங்கியிருக்கிறது: எவ்வளவு கடுமையாகப் பிடிக்கிறோம், புவியீர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் எவ்வளவு தூரம். முன் ஸ்பிரிங் குனிவதைப் பார்த்து, அதை இறுக்கினால் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. குனிவது பார்வைக்குத்தான்; பாரம் மாறுவதை அது பெரிதாகத் தடுக்காது.

கணக்காகப் பார்ப்போம். ஓட்டுநரோடு 1000 கிலோ நிறையுள்ள கார். நிற்கும்போது முன்னுக்கு 550, பின்னுக்கு 450. அச்சுகளுக்கிடையே 2.4 மீற்றர், புவியீர்ப்பு மையம் 0.55 மீற்றர் உயரத்தில். நல்ல காய்ந்த தாரில் 0.8 ஜி அளவுக்கு (புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.8 மடங்குக்கு வேகம் குறையும்படி) அமத்திப் பிடித்தால், 1000 × 0.8 × 0.55 ÷ 2.4, அதாவது சுமார் 183 கிலோ முன்னுக்குப் போய்விடும். பின்னுக்கு மிஞ்சுவது 267 கிலோ, மொத்தத்தில் 27 வீதம். கிரவலில் அந்தளவு பிடி கிடைக்காது, 0.4 ஜி என்று வைத்தால் பின்னுக்கு 358 கிலோ, 36 வீதம் நிற்கும்.

பின் பிரேக்கின் பங்கு இந்த வீதத்தைத் தாண்டினால் பின் சில்லு முதலில் லொக் ஆகும், அதாவது கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுற்றாமல் நின்றுவிடும். லொக் ஆன சில்லு பக்கவாட்டிலும் பிடிப்பை இழந்துவிடும். முன் சில்லு லொக் ஆனால் ஸ்டீயரிங் வேலை செய்யாது, ஆனால் கார் நேரே போகும். பின் சில்லு லொக் ஆனால் கார் சுற்றும். அதனால்தான் கம்பனிக்காரர் எப்போதும் முன் சில்லு முந்தும்படி அமைத்து அனுப்புகிறார்கள். நாங்கள்தான் அதைக் குழப்புகிறோம்.

முதலில் ஒரு கேள்வி: கிரவலிலா, காபெட்டிலா?

வன்னியில் ஓடுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏ9 காபெட் வீதி, தார் போட்டது. அதிலிருந்து இறங்கினால் பல இடங்களில் கிரவல். இரண்டிலும் கார் எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே நோய் பாதி பிடிபடும்.

கிரவலில் மெதுவாகத் தொட்டாலே பின் சில்லு லொக் ஆகிறதா? அப்படியென்றால் லேசான அமுக்கத்திலேயே பின் பிரேக் அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது. ட்ரம்முக்குள் ஒயில் பட்டிருக்கலாம், அல்லது போட்ட சாமானின் அளவே பிழையாக இருக்கலாம். இதை வால்வு திருத்தாது. வால்வு ஒரு குறிப்பிட்ட அமுக்கத்துக்கு மேல்தான் பின்பக்கத்தைக் குறைக்கத் தொடங்கும். அதற்குக் கீழே முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அமுக்கம்தான் போகும்.

கிரவலில் சரியாக இருந்து, காய்ந்த தாரில் கடுமையாக அமத்தும்போது மட்டும் சுற்றுகிறதா? அது பாரம் முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் இலேசாகிற பிரச்சினை. வால்வின் இடம் இதுதான்.

அடுத்தது, வீதியில் விழுந்த கோட்டை எண்ணுங்கள். ஒரு கோடு என்றால் அந்த ஒரு சில்லில்தான் பிழை. இரண்டும் என்றால் சமநிலைப் பிழை. எஞ்சின் பின் சில்லைச் சுற்றுகிற, அதாவது பின் சில்லு இழுக்கிற கார்களுக்கு இன்னொரு சோதனையும் தேவை. கியரைத் திடீரென்று குறைத்துக் கிளட்சைச் சடாரென விட்டாலும் கிரவலில் பின் சில்லு லொக் ஆகும். கிளட்சை மிதித்தபடி ஒருமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள். அப்போது வரவில்லையென்றால் குற்றம் பிரேக்கில் இல்லை, காலில்.

படி 1: முன் பிரேக்கைப் பாருங்கள்

பின்னுக்குப் பிரச்சினை, முன்னுக்கு ஏன் போக வேண்டும் என்று தோன்றும். முன் பிரேக் சோர்ந்திருந்தால் நாங்கள் மிதியைக் கூட அமத்துவோம். அந்தக் கூடின அமுக்கம் பின்னுக்கும் போகும், பின் லொக் ஆகும். டிஸ்க்கைக் கவ்வும் முன் காலிப்பரின் ஊசிகள் செம்மண் தூசியில் இறுகிப்போய், டிஸ்க்கில் உரசும் பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, பேட் கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா, பிஸ்டன் தள்ளினால் இறுகாமல் உள்ளே போகிறதா என்று பாருங்கள். ஊசிகளைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கிற கிறீஸைப் பூசுங்கள். சில்லுப் பெயாரிங்குக்குப் பூசுகிற கிறீஸ் றப்பரை ஊதச் செய்யும்.

படி 2: பின்னுக்குக் கழற்றுதல்

சமதரையில் நிறுத்தி, முன் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, ஜக் அடித்து, ஸ்டாண்டில் இறக்கிய பிறகுதான் கீழே போக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிப் படுக்க வேண்டாம். கல் அடுக்கிப் படுப்பதும் வேண்டாம், சீமெந்துக் கல் சொல்லாமல் பிளக்கும்.

கியரை நியூட்ரலில் போட்டு, ஹான்ட் பிரேக்கை விட்டு, சில்லைக் கையால் சுற்றுங்கள். ஒருவரை மிதியை அமத்தி விடச் சொல்லுங்கள். விட்டவுடன் சில்லு சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் அந்தச் சில்லின் எயார் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சின்னத் திருகை) கொஞ்சம் திறவுங்கள். ஒயில் பாய்ந்து சில்லு விடுபட்டால் குழாய்க்குள் அமுக்கம் அடைபட்டிருக்கிறது. விடுபடாவிட்டால் ஹான்ட் பிரேக் கேபிள், இறுகின பிஸ்டன், கூடுதலாக இழுத்த அட்ஜஸ்டர் என்று இரும்புப் பக்கம் தேடுங்கள்.

அடைபட்ட அமுக்கம் எங்கே என்று பிடிக்க ஒரு வழி: நிப்பிளைப் பூட்டி, திரும்ப மிதித்து விட்டு, றப்பர் ஹோஸுக்கு மேற்பக்க இணைப்பைத் தளர்த்துங்கள். விடுபட்டால் பிழை மேலே, மிதி தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரிலோ வால்விலோ. விடுபடாவிட்டால் ஹோஸ்தான். பழைய ஹோஸ் வெளியில் பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே சதை உரிந்து, ஒயிலைப் போகவிட்டுத் திரும்ப வரவிடாமல் பிடித்துவைத்திருக்கும்.

ட்ரம் உள்ளவர்கள் ட்ரம்மைக் கழற்றியதும் எயார் அடிக்க வேண்டாம். ட்ரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கிற பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். பிறகு லைனரைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் றப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமா? அச்சு சீலிலிருந்து கியர் ஒயில் கசிந்திருக்கிறதா? ஒயில் பட்ட லைனர் வழுக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் கொஞ்சமாகப் பட்டுச் சூடேறிப் பிசின் மாதிரி ஆகிவிட்டால் கவ்விப் பிடிக்கும். ட்ரம்முக்கு இயல்பாகவே ஒரு குணம் உண்டு: சுற்றுகிற ட்ரம் முன் லைனரைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கும். கவ்வத் தொடங்கினால் அது நிற்காது. அப்படிப்பட்ட லைனரைப் பெற்றோலில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஒரு கிழமை ஓடும், சூடேறினால் உள்ளே ஊறியது திரும்ப வெளியே வரும். கசிவை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் சோடியாக லைனரை மாற்றுங்கள்.

மாரியில் வயல் வெள்ளம் வீதியைக் கடக்கிற நாட்களில், நனைந்த ட்ரம்மோடு ஹான்ட் பிரேக்கை இழுத்து விட்டுவிட்டுக் காலையில் எடுத்தால் முதல் இரண்டு மிதியில் கவ்வும். துரு. இரண்டு மூன்று முறை மெதுவாகப் பிடித்தால் போய்விடும். இதற்கெல்லாம் சாமான் மாற்ற வேண்டாம்.

படி 3: போட்ட சாமானை அளத்தல்

என் காருக்கு வந்த வருத்தம் இதுதான். கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோய், வால்வு ஒன்று பூட்ட வேண்டும் என்றேன்.

“தம்பி, வால்வுக்குக் காசு குடுக்க முதல் பின்னுக்குக் கழட்டிப் பாப்பம்.”

“பின்னுக்கு எல்லாம் புதுசு அண்ணை.”

“அதான் பாக்கச் சொல்லுறன்.”

பேட்டை எடுத்து, பிஸ்டனை வேணியரால் அளந்தார். 51 மில்லிமீற்றர். “இது முன்னுக்குப் போடுற காலிப்பர். ஆரோ பின்னுக்குப் பூட்டியிருக்கினம்.” முன்னுக்கும் அளந்தார். அதே 51.

இரண்டு பக்கமும் ஒரே பிஸ்டன், டிஸ்க்கும் ஏறத்தாழ ஒரே விட்டம். அப்படியென்றால் பிரேக் பங்கு பாதிக்குப் பாதி. பின்னுக்கோ கிரவலில் 36 வீதம், தாரில் 27 வீதம் பாரம்தான் இருக்கிறது. எந்த வீதியிலும் பின் சில்லு முந்தாமல் என்ன செய்யும்?

பின்னுக்கென்று வருகிற 34 மில்லிமீற்றர் பிஸ்டன் காலிப்பரை, ஹான்ட் பிரேக் லீவரோடு, தேடிப் பிடித்துப் போட்டோம். பரப்பு விட்டத்தின் வர்க்கப்படி மாறும்: 51ஐ 34ஆல் வகுத்தால் ஒன்றரை, அதன் வர்க்கம் இரண்டேகால். அதே அமுக்கத்தில் முன் பிரேக் பின்னதைவிட இரண்டேகால் மடங்கு தள்ளும். பின் பங்கு 31 வீதம் ஆனது. கிரவலின் 36க்குக் கீழே வந்துவிட்டதால் அங்கே பிரச்சினை முடிந்தது. தாரின் 27க்கு இன்னும் மேலே நிற்கிறது, கணக்குப்படி 0.6 ஜி தாண்டும்போது பின் சில்லு முந்தும். அந்த மிச்சத்துக்குத்தான் வால்வு. இன்னொரு லாபம், பிஸ்டன் சின்னதானதால் தள்ள வேண்டிய ஒயில் குறைந்து, ஆழமாகப் போய்க்கொண்டிருந்த மிதி மேலே வந்தது.

ட்ரம்காரருக்கும் இதே கணக்குத்தான். வீல் சிலிண்டர் மாற்றும்போது கடைக்காரர் எது இருக்கிறதோ அதைத் தருவார். 17.46 மில்லிமீற்றருக்குப் பதில் 19.05 போட்டால் தள்ளும் விசை 19 வீதம் கூடும், 20.64 போட்டால் ஏறத்தாழ 40 வீதம் கூடும். வெளியில் பார்க்க மூன்றும் ஒரே மாதிரி. சிலிண்டரின் மேல் அளவு வார்த்திருக்கும், பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

படி 4: வான், பிக்கப் வைத்திருப்பவர்கள்

பாரம் ஏற்றும் பல வாகனங்களின் பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வும், அதிலிருந்து அச்சுக்குப் போகும் ஒரு கம்பியும் இருக்கும். பாரம் ஏறி வாகனத்தின் பொடி (உடல்) பதிந்தால் கம்பி லீவரைத் தள்ளி, பின்னுக்குக் கூட அமுக்கத்தை விடும். வெறும் வாகனத்தில் குறைக்கும்.

இப்போது வானைப் பதித்து விடுகிறீர்கள். வால்வுக்கு அழகு தெரியாது. முப்பது மூடை நெல் ஏறிவிட்டது என்று நினைத்து முழு அமுக்கத்தையும் பின்னுக்கு விடும். வெறும் வான், முழு பின் பிரேக். பதிக்க முதல் லீவரின் கோணத்தைப் படம் எடுத்து வையுங்கள்; பதித்த பிறகு கம்பியின் நீளத்தையோ பிடியின் இடத்தையோ மாற்றி, வெறும் வாகனத்தில் அதே கோணம் வரச் செய்யுங்கள். பாரத்துக்காகப் பின்னுக்குக் கூடுதல் ஸ்பிரிங் பட்டை அடித்தவர்களுக்கு இது தலைகீழ்: பொடி உயர்ந்து நிற்பதால், நெல் ஏற்றியும் பின் பிரேக் குறைவாக இருக்கும். பிரேக் நன்றாகப் பிடிக்கட்டும் என்று அந்த லீவரைக் கம்பியால் இழுத்துக் கட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மூடை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது அந்தக் கட்டு ஆளைக் கொல்லும். அவிழ்த்து விடுங்கள்.

படி 5: வால்வு

உங்கள் காரின் குழாய் எப்படிப் பிரிகிறது என்று தெரியாமல் வால்வில் கைவைக்க வேண்டாம். பின் சில்லு இழுக்கிற பழைய கார்கள் பலவற்றில் முன்னுக்கு ஒரு வழி, பின்னுக்கு ஒரு வழி. பின் வழியில் ஒரு வால்வு போதும். முன் சில்லு இழுக்கிற கார்களில் பெரும்பாலும் குறுக்காகப் பிரியும்: முன் இடமும் பின் வலமும் ஒரு வழி, மற்றது மறு வழி. இதில் இரண்டு பின் குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு வால்வைப் பூட்டினால், ஒரு குழாய் வெடித்தால் மற்ற வழியும் சேர்ந்து போய்விடும். ஒரு கசிவில் மொத்தப் பிரேக்கும் இல்லை. குறுக்கு வழிக் காருக்கு ஒவ்வொரு பின் குழாய்க்கும் தனி வால்வு தேவை, இரண்டும் ஒரே மாதிரி அமைய வேண்டும்.

கம்பனி வால்வு இருக்கும்போது அதற்குப் பின்னால் இன்னொன்றைப் போட வேண்டாம். ஒன்றுதான் இருக்க வேண்டும். முன் குழாயில் ஒருபோதும் போட வேண்டாம். செப்புக் குழாயைப் பித்தளை வைத்து ஒட்டுவதும் வேண்டாம். பிரேக்குக்குரிய குழாயை வாங்கி, முனையை விரித்து நட் போட்டு இறுக்குங்கள்.

சில்லு லொக் ஆகாமல் தடுக்கிற ஏபிஎஸ் உள்ள காரில் பெரும்பாலும் பின் அமுக்கத்தைக் கம்பியூட்டரே பார்த்துக்கொள்ளும். அதில் வால்வு சேர்க்காமல், ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஹப் மாற்றும்போது சில்லின் வேகத்தை அளக்க உதவும் பல் வளையம் விடுபட்டது, முன்னும் பின்னும் வேறு உயர ரயர் போட்டது, இரண்டும் அதைக் குழப்பும்.

படி 6: எயார் எடுத்தல்

குழாய்க்குள் நிற்கிற காற்றை வெளியேற்றுவதுதான் இது. பிரேக் ஒயில் டொட் 3 அல்லது டொட் 4, ஒயில் தாங்கியின் மூடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். புது டொட் 3 கொதிப்பது குறைந்தது 205 பாகையில், டொட் 4 குறைந்தது 230இல். ஈரம் குடித்த பிறகு அந்த அளவு 140க்கும் 155க்கும் இறங்கும். அதனால் திறந்து கிடந்த போத்தல் வேண்டாம். அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலோ பவர் ஸ்டீயரிங் ஒயிலோ ஒரு சொட்டும் கூடாது, றப்பர் எல்லாம் ஊதிவிடும். முன் பின் வழி உள்ள எங்கள் வலக்கை ஓட்டக் கார்களில் பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம் என்று தூரத்திலிருந்து கிட்ட வாருங்கள். பார வால்வு உள்ள வானில் சில்லு தொங்கக் கூடாது. தொங்கினால் வால்வு மூடிக்கொள்ளும், எயார் உள்ளேயே நிற்கும். பெயின்ற்றில் ஒயில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

படி 7: ஓடிப் பார்த்தல்

வாகனம் வராத, நேரான, பக்கத்தில் மதகோ மரமோ இல்லாத காய்ந்த தார். ஏ9இல் வேண்டாம். வாகனத்தில் நீங்கள் மட்டும், பெற்றோல் குறைவாக, பின்னுக்கு ஒன்றும் இல்லாமல்; பின்பக்கம் மிக இலேசாக இருக்கும் நிலைதான் மிக ஆபத்தான நிலை. ரயரின் பக்கத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டு, தூரத்தில் ஒருவரை நிறுத்தி, போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்தச் சில்லின் கோடு முதலில் நிற்கிறது என்று மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

வால்வைப் பின்னுக்கு மிகக் குறைவாக விடும் முனையில் வைத்துத் தொடங்குங்கள். 30 கிலோமீற்றர் வேகத்தில் கடுமையாகப் பிடியுங்கள், பிறகு 40, 50. முன் சில்லு முந்துகிறது என்றால் வால்வை அரைச் சுற்றுத் திறந்து திரும்பவும் பிடித்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றாக நிற்கப் பார்க்கும். அங்கிருந்து ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மூடி, அதிலேயே விடுங்கள். அதே வாகனத்தை அடுத்த நாள் நனைந்த தாரிலும் கிரவலிலும் ஓட்டிப் பாருங்கள். அங்கே பின் சில்லு முந்தினால் வால்வைத் திரும்பத் திருகாமல் படி 3க்குப் போங்கள். சோதனையின் நடுவே பின்பக்கம் வழுக்கத் தொடங்கினால் மிதியை விடுங்கள், வழுக்கும் பக்கத்துக்கு ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள்.

சரிவந்த பிறகு வால்வின் திருகில் பெயின்ற்றால் ஒரு கோடு இழுத்து, கம்பியால் கட்டுங்கள். என் வாகனை அவசரத்துக்கு வாங்கிக்கொண்டுபோன மச்சான் ஒருவர், அது றேடியோ திருகு மாதிரி இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தவர்.

நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு எல்லா இணைப்பையும் காகிதத்தால் துடைத்துக் கசிவு பாருங்கள். சில்லுகளின் சூட்டையும் ஒப்பிடுங்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லாரும்தான் இறங்குகிறோம். நான் தேங்காய் உடைக்க முதல் புறங்கையை நான்கு சில்லுக்கும் கிட்டப் பிடித்துப் பார்ப்பேன், தொடுவதில்லை. முன் இரண்டும் நல்ல சூடு, பின் இரண்டும் இளஞ்சூடு, இடமும் வலமும் ஒன்றுபோல. பிறகு ஒரு பை கச்சான்.